டிரில் வாசித்த ஹட்சுமி

ஹட்சுமி தானிமோட்டோவை எங்கள் கோஷ்டியில் சேர்த்தது யார் என்று இன்றைக்கும் ஒரு தகராறு உண்டு. நான்தான் சேர்த்தேன் என்று முகாய் மார்தட்டிக்கொள்வான். உண்மை என்னவென்றால், அவள் கேட்ட நேரத்தில் அவன் வாய் நிறையப் பஞ்சு இருந்தது.

அது 1984. முகாய் கிழக்கு ஒசாகாவில் தன் மாமாவின் திருகாணிப் பட்டறையில் வேலை பார்த்தான். நான் என் அப்பாவின் சாராயக் கடையில் வீடு வீடாக பீர் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். அவனிடம் ஒரு கிட்டார், என்னிடம் ஒரு டிரம்மும் இரண்டு காலி பீர் பீப்பாயும். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததைச் சங்கீதம் என்று எங்கள் அம்மாக்கள்கூடச் சொன்னதில்லை. கோஷ்டிக்குப் பெயர் வைக்கவில்லை. எங்களை யாரும் கூப்பிடாதபோது பெயர் எதற்கு?

ஒரு சனிக்கிழமை காலை முகாய்க்குக் கடைவாய்ப் பல் பிராணனை வாங்கியது. கிட்டாரும் கையுமாக ஃபுசே ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த குசாகா பல் மருத்துவமனைக்குப் போனான். அங்கே உதவியாளாக இருந்தவள்தான் ஹட்சுமி. இருபத்து நாலு வயது. வகாயாமா பக்கத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர் பெண். குல்லாவுக்கும் முகமூடிக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரியும். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"மூலையில நிக்கறது உங்க கிட்டாரா?"

"ஆ."

"சத்தமா வாசிப்பீங்களா?"

"ஆ, ஆ."

"என்னையும் சேத்துக்குவீங்களா?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் நரம்பைத் தொட்டுவிட்டார்.

"ஆஆஆ!"

"ரொம்ப நன்றி. நாளைக்கே வரேன்" என்றாள் ஹட்சுமி.

சொன்னபடி வந்தாள். கையில் ஒரு பெரிய துணி மூட்டை. பட்டறைத் தரையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். கொக்குக் கால் மாதிரி மடங்கிய இரும்புக் கை, அதில் சின்னச் சின்னக் கப்பி, கப்பிகளைச் சுற்றி ஓடும் கயிறு, காலால் மிதிக்க ஒரு பெடல். பல்லைக் குடையும் பழைய டிரில். டாக்டர் குசாகா பல் குடைய, பெடலை மிதிப்பது ஹட்சுமியின் வேலையாக இருந்தது; அவர் புது மெஷின் வாங்கியதும் இதைச் சாமான் அறையில் போட்டிருந்தார்.

"எடுத்துக்கட்டுமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டு, வேணாம்னுட்டாருன்னா?"

"அதனால?"

"அதனாலதான் கேக்கல."

உடைந்த டெலிபோன் ஒன்றிலிருந்து எடுத்த சின்ன மைக்கை டிரில்லின் கழுத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். அதை முகாயின் ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகினாள். எனாமல் பேசின் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, டிரில் முனையை அதன் முதுகில் வைத்துப் பெடலை மிதித்தாள்.

நான் அதுவரை எத்தனையோ சத்தம் போட்டிருக்கிறேன். ஆனால் காது வழியாக வராமல் நேரே தாடைக்குள் நுழைந்த சத்தத்தை அன்றுதான் கேட்டேன். முகாய் இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு முந்தின நாள் அடைத்த பல் மறுபடியும் வலித்ததாம்.

அவள் காலை எடுத்துவிட்டு, தப்புச் செய்தவள் போல எங்களைப் பார்த்தாள்.

"நாள் பூரா இந்தச் சத்தம்தான். வர்றவங்க எல்லாம் அழுவுறாங்க, நடுங்குறாங்க. எனக்கு மட்டும் இது புடிச்சிருக்கு. இத யார்கிட்ட போய்ச் சொல்லறது?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் இருபத்தைந்து வருடமாக அதே பிரச்சினைதான். கோஷ்டிக்கு அன்றே பெயர் வைத்தோம்: பல் டாக்டர்.

ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் பட்டறையில் ஒத்திகை. அக்கம்பக்கத்தார் வந்து சண்டை பிடிப்பார்கள் என்று பயந்தோம். யாரும் வரவில்லை. நாலாவது வாரம் எதிர்வீட்டு மூதாட்டி ஒருத்தி ஒரு தட்டு நிறையச் சோற்றுருண்டையோடு கதவைத் தட்டினாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமகூட லீவு விடாம வேல வாங்குறானே அந்தப் பாவி! சாப்டுட்டு மெஷின ஓட்டுங்க தம்பிகளா."

முகாயின் மாமாவுக்குத் தெருவில் கெட்ட பெயர் வந்தது. எங்களுக்கு வாராவாரம் சோற்றுருண்டை வந்தது. உள்ளே உப்புப் போட்ட பிளம் வைத்து அருமையாக இருக்கும்.

முதல் கச்சேரி நம்பாவில், துணிக்கடைக்குக் கீழே ஒரு நிலவறையில். மாலை ஆறு மணி. ஏழு பேர் வந்திருந்தார்கள்; அதில் இருவர் எங்களுக்குப் பிறகு வாசிக்க இருந்தவர்கள். அதுவரை ஹட்சுமி மேடையில் வாய் திறப்பாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெள்ளைக் கோட்டும் முகமூடியுமாகப் பெடலை மிதித்தவள் திடீரென்று மைக்கைப் பிடித்து, "வாயத் திறங்க!" என்று கத்தினாள். "இன்னும் பெருசா! இன்னும் பெருசா! கொப்பளிச்சுத் துப்புங்க!" எங்கள் பாட்டு எல்லாவற்றுக்கும் கடைசி வரை அதுதான் சாகித்தியம். வாரத்தில் ஆறு நாள் மெல்லிய குரலில் சொன்னதை ஏழாவது நாள் தொண்டை கிழியச் சொன்னாள், அவ்வளவே.

கேட்டவர்களில் யாரும் கைதட்டவில்லை. ஏழு பேரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அடுத்த கச்சேரிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்களும் கன்னத்தைப் பொத்தினார்கள். அப்புறம் அதுவே எங்கள் ரசிகர்களின் கைதட்டல் ஆகிவிட்டது. ஐம்பது கேசட் பதிவு செய்தோம். அட்டைக்கு ஹட்சுமி தன் பற்களின் எக்ஸ்ரேயையே கொடுத்தாள். நம்பாவில் எங்கள் கேசட்டை வாங்கிக் கேட்டு ஒரு மாணவன் பல் பிடுங்கிக்கொண்டான் என்று முகாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சுத்தப் புளுகு.

1987 ஜூனில்தான் வினை வந்தது. ஜூன் முதல் வாரம் பல் சுகாதார வாரம். கடைத்தெருச் சங்கத் தலைவர் ஓகுனோ என்பவர், ஊறுகாய்க் கடைக்காரர், எங்கள் கடைக்கு போன் செய்தார்.

"நிஷியோகா தம்பி, 'பல் டாக்டர்'னு ஒரு குழு வெச்சிருக்கீங்களாமே? கம்பத்துல நோட்டீஸ் பாத்தேன். 'வாயைத் திறந்துகொண்டு வாருங்கள்'னு போட்டிருந்துச்சு. நல்லா இருந்துச்சுப்பா. நம்ம பசங்களுக்கு ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சி பண்ணித் தர முடியுமா?"

நான் அந்தக் கணத்தில் நல்லவனாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"தாராளமா பண்ணலாம் ஐயா. மெஷினெல்லாம் வெச்சு செஞ்சு காமிப்போம்."

"அடடே! பசங்க பயப்பட மாட்டாங்கல்ல?"

"கொஞ்சம் பயந்தாதான ஐயா பல்லு தேய்ப்பாங்க?"

"அதுவும் நெசந்தான்!" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

ஹட்சுமியிடம் குழந்தைகள் விழா என்று மட்டும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். கடைத்தெருவின் மேற்கூரைக்குக் கீழே மேடை போட்டிருந்தார்கள். நடுவில் காகிதக் கூழில் செய்த ஆளுயரப் பல் ஒன்று புன்னகை செய்துகொண்டு நின்றது. முன்வரிசையில் மஞ்சள் தொப்பி போட்ட குழந்தைகள் முப்பது பேர், பின்னால் தாய்மார்கள். ஊறுகாய்க் கடை வாசலில் நின்று ஹட்சுமி டிரில்லுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒலிபெருக்கியில் ஓகுனோ அறிவித்தார்:

"இன்றைய சிறப்பு விருந்தினர், நல்ல பல் போட்டியின் நடுவர், டாக்டர் குசாகா அவர்கள்!"

ஹட்சுமியின் முகம் முகமூடியைவிட வெளுத்துப்போனது. டாக்டர் மேடைக்கு எதிரே, முதல் நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"வேல போச்சு. எங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்று என் கையைப் பிடித்தாள். விளையாட்டுக்குச் செய்தது, அவள் பிழைப்பில் மண்ணைப் போடும் போலிருந்தது.

"முகமூடிய இன்னும் மேல ஏத்திக்க. தெரியாது" என்றான் முகாய்.

ஹட்சுமி என் கையை விட்டாள்.

"முட்டாளே, அவரு என்ன முகமூடியோடதான் மூணு வருஷமா பாக்கறாரு. அது இல்லாத மூஞ்சியத்தான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு முகமூடியைக் கழற்றினாள். குல்லாவை எறிந்தாள். ஊறுகாய்க் கடைப் பெண்ணிடம் உதட்டுச் சாயம் வாங்கி, கண்ணாடி பார்க்காமலே பூசிக்கொண்டாள். அவள் முழு முகத்தோடு மேடை ஏறியதை நாங்களும் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். மேல் பல் ஒன்று லேசாகத் தெற்றியிருந்தது.

முகாய் ஆரம்பித்தான். நான் பீப்பாயை மொத்தினேன். ஹட்சுமி டிரில்லை பேசினில் வைத்தாள். கடைத்தெருக் கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் நம்பாவில் கேட்டதைப்போல மூன்று மடங்கு ஆனது. ஒரு குழந்தை வீலென்று அழுதது. தாய்மார்கள் எழுந்தார்கள். காகிதப் பல் அதிர்ந்து அதிர்ந்து ஓரடி நகர்ந்து, மீன்கடைப் பக்கமாகக் குப்புற விழுந்தது. ஓகுனோ மேடைப் பக்கம் ஓடி வந்து கையை ஆட்டினார். என்ன சொன்னார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"வாயத் திறங்க!" என்று கத்தினாள் ஹட்சுமி. "இன்னும் பெருசா!"

அழுத குழந்தை ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தது. பக்கத்திலிருந்தவன் அதற்குப் போட்டியாகத் திறந்து கத்தினான். அவ்வளவுதான், முப்பது குழந்தைகளும் வாயைப் பிளந்துகொண்டு எங்களைவிட உரக்கக் கத்த ஆரம்பித்தார்கள். இப்படிக் கத்த யார் அவர்களை விட்டார்கள் அதுவரை? சிரிப்பும் கூச்சலுமாக மஞ்சள் தொப்பிகள் குதித்தன.

டாக்டர் குசாகா எழுந்தார். எங்களை நோக்கி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, முன்வரிசை ஓரத்திலிருந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனார். எதையோ தாளில் குறித்தார். முப்பதாவது வாய் வரை நாங்கள் நிறுத்தவில்லை.

விழா அத்தோடு முடிந்தது. ஓகுனோ எங்களைப் பார்த்துப் போட்ட சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் அது ஒரு நல்ல கேசட் ஆகியிருக்கும். நாங்கள் வளைந்து வளைந்து வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கையில் டாக்டர் வந்து நடுவே நின்றார்.

"ஓகுனோ, முப்பது வருஷமா இந்தப் பசங்க வாயத் திறக்க வெக்க நான் மிட்டாய் குடுத்திருக்கேன், பொம்ம காமிச்சிருக்கேன், கெஞ்சியிருக்கேன். இன்னிக்கு எல்லாரும் தானா திறந்தாங்க. பதினோரு பேருக்குச் சொத்த. அத மொதல்ல அவங்க அம்மாமாருக்குச் சொல்லுங்க."

ஓகுனோ தாய்மார்கள் பக்கம் போனார். டாக்டர் ஹட்சுமி பக்கம் திரும்பி டிரில்லைச் சற்று நேரம் பார்த்தார்.

"நல்ல மெஷின். எங்க வாங்கினீங்க?"

"தெ... தெரிஞ்சவங்க குடுத்தாங்க" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்டியா" என்றுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அவள் தூங்கவில்லையாம். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கடைசி நோயாளி போனதும் டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"தானிமோட்டோ, முகமூடி இல்லாம நீங்க வேற ஆளா இருக்கீங்க. ஆனா பெடல மிதிக்கற கால் அதே கால்தான்."

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஈரக் கையாம்.

"அந்தச் சத்தத்த நானும் ஆயுசு பூரா கேட்டுட்டு இருக்கேன். ஒருத்தனும் சந்தோஷமா கேட்டதில்ல. நேத்துதான் பாத்தேன்." துண்டை எடுத்தார். "கப்பிக்கு எண்ணெய் போடாம ஓட்டுறீங்க. வாரம் ஒரு தடவ போடணும். அந்த அலமாரியில இருக்கு, எடுத்துக்குங்க. இத கேட்டே எடுத்துக்கலாம்."

அவள் அழுதுகொண்டே என் கடைக்கு வந்தாள். நான் குழந்தைகள் விழாவின் முழுக் கதையையும் ஒப்புக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியால் என் மண்டையில் ஒன்று போட்டாள். அது நியாயம்தான்.

கோஷ்டி இன்னும் நாலு வருடம் ஓடியது. முடிவுக்கு வந்ததற்குக் காரணம் முகாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கிட்டாரை எடுத்து வாசித்ததும் ஹட்சுமி பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"என்ன பண்ணுன?"

"ஒண்ணுமில்லையே."

"பொய் சொல்லாத. சுருதி சேத்திருக்க."

முகாய் கள்ளனைப்போல விழித்தான். டோக்கியோக்காரன் ஒருவன் அவனிடம் ஆசை காட்டியிருந்தான்: கொஞ்சம் இனிமையாக வாசித்தால் பெரிய கம்பெனியில் பேசுகிறேன் என்று. அவனுக்கோ கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஹட்சுமியும் சொல்லவில்லை. மூட்டையைக் கட்டினாள். "நல்லாத்தான் இருக்கு முகாய். ஆனா எனக்கு அதுல வேல இல்ல" என்றாள். டோக்கியோக்காரன் அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. ஆனால் முகாய்க்குச் சுருதி பிடித்துப்போய்விட்டது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போக ஆரம்பித்தான். ஹட்சுமி மெல்லிய குரலில் "வாயத் திறங்க" சொல்லிக்கொண்டு ஏழு வருடம் கழித்தாள். வெளியே சிரித்தாள், பேசினாள். டிரில் மூட்டையை மட்டும் அவிழ்க்கவே இல்லை.

1998 வசந்தத்தில் பெல்ஜியத்திலிருந்து யோஸ்ட் என்று ஒரு நெட்டையன் ஃபுசே ரயிலடியில் வந்து இறங்கினான். எங்கள் கேசட்டின் நகலின் நகலின் நகல் ஒன்று அவன் ஊரில் அவனுக்குக் கிடைத்திருந்தது. எங்களைத் தேடி வந்தவனுக்கு எங்கள் மொழியில் தெரிந்தது இரண்டே வார்த்தை: கோஷ்டியின் பெயர். போலீஸ் சாவடிக்குப் போய், "பல் டாக்டர்! பல் டாக்டர்!" என்றான். போலீஸ்காரருக்குப் புரியவில்லை என்று நினைத்து, ரசிகன் என்று காட்ட இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டான்.

போலீஸ்காரர் பதறிப்போய், கையோடு பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவனை நாற்காலியில் சாய்த்துப் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அவன் அடுத்த சாவடியில் கேட்டான். அங்கேயும் அதே உபசாரம். ஜப்பானியர் தங்கள் கலைஞர்களைப் பார்க்க வருபவர்களை முதலில் வாய் கழுவ வைக்கிறார்கள் என்று அவன் முடிவு செய்துகொண்டானாம். நாலாவது நாற்காலி குசாகா மருத்துவமனையில். ஹட்சுமி குனிந்தபோது அவன் வாய் நிறையப் பஞ்சோடு பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினான். அட்டையில் அவள் பற்கள்.

ஹட்சுமி அவனுக்கு மிச்சப் பல்லையும் சுத்தம் செய்தாள். பிறகு முகமூடியைக் கீழே இழுத்து, தெற்றுப் பல் தெரியச் சிரித்தாள். அட்டையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்த யோஸ்ட் நாற்காலியிலிருந்து எழ முயன்று விளக்கில் முட்டிக்கொண்டான்.

எனக்கு போன் வந்தது.

"நிஷியோகா, பீப்பா இருக்கா?"

"பீப்பாக்கு என்ன பஞ்சம்? முகாய்?"

"அவன்கிட்ட சொல்லு, கிட்டார எடுத்துட்டு வரட்டும். சுருதிய நான் கலைச்சுக்கறேன்."

முகாய் வந்தான். வழியெல்லாம் "முடியாது, முடியாது" என்று முனகினாலும் வந்தான். அதே நிலவறை, அதே ஆறு மணி. எண்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் நாங்கள் பிரிந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். முதல் பாட்டு முடிந்ததும் எண்பது பேரும் கன்னத்தைப் பொத்தினார்கள். ஹட்சுமி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். எண்ணெய் போடுகிறேன் என்றாள். எண்ணெய்ப் புட்டி என் பக்கத்தில்தான் இருந்தது.

மறு வருடம் யோஸ்ட் எங்களை ஐரோப்பாவுக்கு அழைத்தான். முகாய்க்கு விமானம் என்றால் உயிர்பயம். எனக்குக் கடை. அதனால் அவள் தனியாகவே கிளம்பினாள், முப்பத்தொன்பது வயதில், வகாயாமாவையும் ஒசாகாவையும் தவிர வேறு ஊர் பார்க்காதவள். விமான நிலையத்தில் மூட்டையைப் பிரித்த அதிகாரி, "இது என்னம்மா?" என்று கேட்டாராம். "வாயத் திறங்க, காமிக்கறேன்" என்றாளாம். உடனே முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஆறு ஊர்களில் வாசித்துவிட்டு வந்தாள். டாக்டர் குசாகா அவள் திரும்பும் வரை வேறு ஆளைப் போடவில்லை. எச்சில் குழாயைத் தானே பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு வருடாவருடம் மே மாதம் விடுப்பு. டாக்டர் காலமாகி, அவர் மகள் மருத்துவமனையை ஏற்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஹட்சுமிக்கு இப்போது அறுபத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்றால், பெண் கேட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள் என்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறாள். வலது முழங்காலில் வலி இருப்பதால் இடது காலால் பெடல் மிதிக்கப் பழகியிருக்கிறாள்.

இந்த மே மாதம் போலந்தில் இருக்கிறாள். நேற்று ஒரு தபாலட்டை வந்தது. பின்பக்கம் பென்சிலில் நாலு வரி: "ஊர் நல்ல ஊர். சாப்பாடெல்லாம் மெத்து மெத்துன்னு இருக்கு, பல்லுக்கு வேலையே இல்ல. நாளைக்கு ஒரு சர்ச்சுக்குக் கீழ வாசிக்கறேன். பாதிரியாருக்கு என்ன வாசிக்கப்போறேன்னு இன்னும் தெரியாது. நான் சொல்லல."